பந்து மறைந்த கதை

1986 செப்டம்பர் 22-ஆம் தேதி சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் ‘டை’ ஆனதை நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் அன்று நிஜமாகவே வந்திருந்தால், கூட்டம் மெரினா மணலைத் தாண்டிக் கடலுக்குள் நின்றிருக்கும். நான் நிஜமாகவே உள்ளே இருந்தேன். ஆனாலும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஒரு தூண். கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய கிரெக் மாத்யூஸ் தூணுக்கு இந்தப் பக்கம். மட்டையோடு நின்ற மணிந்தர் சிங் அந்தப் பக்கம். பந்து போனதும் பட்டதும் தூணுக்குப் பின்னால். நடுவர் விரலைத் தூக்கியது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பக்கத்தில் என் மச்சான். மனைவியின் அண்ணன். ஐந்து நாளாக அவருக்கு நெஞ்சில் இருந்த கேள்வி அப்போது வெளியே வந்தது.

“ஏன் மாப்பிள்ளை, இந்தத் தூணை நட்டது உங்க ஆளுங்கதானே?”

நான் கட்டமைப்புப் பொறியாளன். தொழில் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். “நிழல் வேணும்னா கூரை வேணும் மச்சான். கூரை வேணும்னா தூண் வேணும்” என்றேன்.

“எனக்கு நிழல் வேணாம். பந்து வேணும்” என்றார் அவர்.

பெரிய விளையாட்டு அரங்குகளைக் கட்டிய எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்பது மச்சானுக்குத் தெரியாது. அவர் மளிகை மொத்த வியாபாரி.

தூண் எதற்கு என்று பாடப்புத்தகம் சுருக்கமாகவே சொல்லிவிடும். ஓர் உத்தரத்தின் இரு முனைகளையும் தாங்கிவிட்டு, அதன் நீளம் முழுக்கச் சுமையைப் பரப்பினால் அது தொய்கிறது. தாங்கல்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்குங்கள்: உத்தரத்தை வளைக்கிற பெண்டிங் மொமென்ட் நான்கு மடங்காகும், தொய்வு பதினாறு மடங்காகும். இந்தப் பதினாறுக்குப் பயந்துதான் நடுவில் ஒன்றை நட்டுவிடுகிறோம். பொறியாளருக்குத் தெரிந்த விடைகளிலேயே மலிவானது தூண். காசு கொடுத்து அதன் பின்னால் உட்கார்ந்தவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் மவுண்ட் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. மின்விசிறியைப் போட்டால் டிரேசிங் பேப்பர் பறக்கும். நிறுத்தினால் முழங்கை வியர்வையில் மை கலையும். தப்பாக விழுந்த கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டி எடுப்போம். வரைபடத்தை அம்மோனியா பிரிண்ட் எடுத்தால் அந்த நெடி சட்டையில் தங்கி வீடு வரை வரும். சவரம் செய்துகொள்ளாமலே வேலைக்குப் போகலாம்; ஸ்லைடு ரூல் இல்லாமல் போக முடியாது.

ஸ்லைடு ரூலின் விசேஷம், அது எண்களைச் சொல்லும், புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்லாது. 2, 4 என்று காட்டினால் அது 2.4 டன்னா, 24 டன்னா, 240 டன்னா என்று நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்துப் பெரியவர் இதை வைத்தே எங்களை வறுத்தெடுப்பார்.

“தம்பி, ரூலைக் கீழ வை. விடை என்னவா இருக்கும்னு முதல்ல சொல்லு. அப்புறம் கணக்குப் போடு.”

“விடை தெரிஞ்சா அப்புறம் எதுக்கு சார் கணக்கு?”

“கணக்கு தப்பா வந்தா கண்டுபிடிக்க.”

இந்த இடத்தில் கண் கலங்கி, அந்தக் காலம் போல வருமா என்று ஒரு வரி எழுதுவது ஓய்வுபெற்றவர்களின் மரபு. எழுதலாம்தான். ஆனால் அந்தக் காலம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கர் 1930-ல் வெளியிட்ட முறையில், பல அடுக்குச் சட்டகம் ஒன்றின் மொமென்ட்டைக் கையால் பங்கிட்டு முடிக்க நாள் கணக்கில் ஆகும். அதனால் ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு யோசனைதான். முதலில் தோன்றியதே முடிவானது. இரண்டாவது யோசனை எவனுக்காவது வந்தால் அவனை எல்லோரும் விரோதியாகப் பார்ப்போம், மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டுமே. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 12 எம்.எம். கம்பி 16 எம்.எம். ஆகும். இன்று அந்தக் கட்டடங்களைப் பார்த்து, அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று வியக்கிறார்கள். பாதி உறுதி எங்கள் பயம். கணக்குத் தாளின் அடியில் அரசு அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் மீதி உறுதியும் வந்துவிடும்.

அந்த அலுவலகத்தில் பூட்டி வைத்துப் படித்த புத்தகம் ஒன்று உண்டு. சென்னைக் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த ஜி.எஸ். ராமசாமி கான்கிரீட் ஷெல் கூரைகளைப் பற்றி எழுதி 1968-ல் வெளிவந்தது. இரும்பும் சிமென்ட்டும் பஞ்சமாக இருந்த நாட்டில், கனத்தால் நிற்காமல் வடிவத்தால் நிற்கிற கூரையைப் பற்றிப் படிப்பது பசித்தவன் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுதான். வளைந்த ஷெல் தன் எடையை வளைந்து தாங்குவதில்லை. அழுத்தமாகவே விளிம்புக்குக் கடத்திவிடுகிறது. கான்கிரீட்டுக்குப் பிடித்த ஒரே வேலை அழுத்தத்தைத் தாங்குவது. நடுவே தூணுக்கு வேலையில்லை.

இதைச் செய்து காட்டிய மகான் ரோமாபுரியில் இருந்தார். பியர் லூயிஜி நெர்வி. கணக்கும் அவருடையது, காண்ட்ராக்டும் அவருடையது. இதனால் கணக்குப் போட்டவரும் கட்டியவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் பாரம்பரியக் கலை அங்கே வளரவில்லை. 1960 ஒலிம்பிக்குக்காக அவர் 1957-லேயே முடித்துக் கொடுத்த சிறிய விளையாட்டரங்கின் குவிமாடம் ஏறக்குறைய 60 மீட்டர் அகலம். நம் ஊரில் தண்ணீர்த் தொட்டி செய்கிறார்களே, அதே ஃபெர்ரோசிமென்ட்டில் 1,620 துண்டுகளைத் தரையிலேயே வார்த்து, மேலே அடுக்கி, இடுக்குகளில் கான்கிரீட் ஊற்றி ஒட்டிவிட்டார். குவிமாடம் வெளிப்பக்கமாகத் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளல் எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் கவட்டைக் கம்பு மாதிரி 36 தாங்கிகள். அவை கொண்டுவந்து சேர்ப்பதைப் பிடித்துக்கொள்ள மண்ணுக்குள் ஒரு கான்கிரீட் வளையம். உள்ளே ஒரு தூண் கிடையாது. வெளியே நின்று பார்த்தாலே சுமை எந்த வழியாகப் போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம். பெரியவர் அந்த அரங்கின் புகைப்படத்தைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், வெங்கடாஜலபதி படத்துக்குப் பக்கத்தில்.

அதே ஒலிம்பிக்குக்கு நெர்வி 100 மீட்டர் அகலத்தில் இன்னொரு பெரிய குவிமாடமும் கட்டினார். அதன் கீழேதான் காசியஸ் கிளே என்ற பதினெட்டு வயதுப் பையன் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினான். அவர் முகமது அலியாகி, 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அலியின் தலைக்கு மேலே நாங்கள் அமைத்திருந்தது ஆகாயம். தூணே இல்லை. எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் 60 மீட்டரும் பற்றாது, 100 மீட்டரும் பற்றாது. ஆகவே கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1965-ல் ஹூஸ்டன் நகரத்தில் 642 அடி, அதாவது சுமார் 196 மீட்டர் அகலத்துக்கு ஆஸ்ட்ரோடோம் என்ற இரும்புக் குவிமாடத்தை எழுப்பினார்கள். உலகின் எட்டாவது அதிசயம் என்று அவர்களே பட்டமும் கொடுத்துக்கொண்டார்கள். உள்ளே குளிர்சாதனம், இயற்கைப் புல், ஒரு தூண் இல்லை. புல்லுக்கு வெயில் வேண்டுமே என்று கூரை முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளி ஊடுருவும் தகடுகள். மச்சான் கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. நிழல், பந்து இரண்டும்.

பகல் ஆட்டம் தொடங்கியதும் ஒரு சிறிய சிக்கல். உயரத் தூக்கி அடித்த பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்த்த ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியது. தகடுகளும் அவற்றின் சட்டங்களும் சேர்ந்து அடித்த ஒளியிலும் நிழலிலும் பந்து காணாமல் போனது. பார்வையாளர்களுக்குத் தெரிந்தது, ஆடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் பூசிச் சமாளித்துப் பார்த்தார்கள். கடைசியில் 1966-ல் நைலான் புல்லை விரித்தார்கள். அதற்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் வந்தது. அதன் வழிவந்த செயற்கைப் புல் ஹாக்கிக்குள் நுழைந்து, அந்த விளையாட்டையே மாற்றி, நம் நாட்டின் வெற்றிக் கதையையும் மாற்றியது என்று புலம்புகிற பழைய ஆட்டக்காரர்களை எழும்பூர் ஹாக்கி மைதானத்துப் பக்கம் இன்றும் பார்க்கலாம். ஒரு தூணை எடுத்ததன் விளைவு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

இதற்குள் எங்கள் ஊரிலும் காலம் மாறிவிட்டது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. எங்கள் அலுவலகம் அட்டைக் கட்டுகளோடு அங்கே போய் வரிசையில் நிற்கத் தொடங்கியது. துளை போட்ட அட்டைகளைக் காலையில் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக நீளமான தாள் நிறையத் திட்டி அனுப்பியிருக்கும். இருந்தாலும் பல நாள் கணக்கு ஒரே ராத்திரியில். பெரியவர் மட்டும் வரவில்லை. “அது புள்ளியையும் சேர்த்துச் சொல்லுது தம்பி. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

1978-ல் அமெரிக்கப் பொறியியல் பத்திரிகை ஒன்று வழக்கம்போலக் கப்பலில் தாமதமாக வந்து சேர்ந்தது. அதில் ஹார்ட்ஃபோர்ட் அரங்கத்தின் படம்.

கனெக்டிகட் மாநிலத்து ஊர் அது. கூரை 360 அடிக்கு 300 அடி, இரும்பு ஆங்கிள்களை முப்பரிமாண வலையாகப் பின்னிய ஸ்பேஸ் ஃப்ரேம். நான்கே நான்கு கால்கள். 83 அடி உயரத்தில் மொத்தக் கூரை. இத்தனை உறுப்புகளைக் கையால் கணக்குப் போட மனித ஆயுள் போதாது. அப்போது கிடைத்த மிக நவீனமான கம்ப்யூட்டர் நிரலில் வடிவமைத்தார்கள், கணிசமான இரும்பு மிச்சம் என்று பெருமைப்பட்டார்கள். தரையிலேயே கோத்து அப்படியே மேலே தூக்கி நிறுத்தினார்கள். தூக்கும் முன்பே கூரை கணக்கு சொன்னதைவிட அதிகமாகத் தொய்ந்தது. நிறுத்திய பிறகு அளந்தால் தொய்வு எதிர்பார்த்ததில் இரண்டு மடங்கு. கேட்டவர்களுக்கு, காகிதத்துக்கும் களத்துக்கும் இப்படி வித்தியாசம் இருப்பது சகஜம் என்று பதில் வந்தது. விளிம்பில் பலகை பொருத்த வந்த காண்ட்ராக்டரின் போல்ட் துளைகள் பொருந்தவில்லை. அவரையே சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் வெட்டி ஒட்டிப் பொருத்திவிட்டுப் போனார். கூரை தன்னால் முடிந்த வழியிலெல்லாம் வாயைத் திறந்து சொல்லிப் பார்த்திருக்கிறது.

1978 ஜனவரி 17 இரவு அங்கே கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்து ஆட்டம். சுமார் 5,000 பேர் பார்த்தார்கள். வெளியே பனி கொட்டியது. ஆட்டம் முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, 18-ஆம் தேதி அதிகாலை நாலேகால் மணியளவில், 1,400 டன் கூரை அப்படியே இருக்கைகள் மேல் உட்கார்ந்தது. ஓர் உயிர்ச்சேதம் இல்லை. சில மணி நேரம் முன்னால் என்றால் நினைக்கவே முடியாது.

விசாரணையில் பெருமளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம் மிக எளிமையானது. மேல் அடுக்கில் அழுத்தம் தாங்கும் நீளக் கம்பிகளை நடுவில் பக்கவாட்டில் வேறு உறுப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தார்கள். அழுத்தம் தாங்கும் கம்பியைப் பக்கவாட்டில் பிடிக்காவிட்டால் அது நசுங்குவதற்கு வெகு முன்பே வளைந்து வெளியேறிவிடும். பிடிமானம் இருந்தால் அரை நீளம், இல்லாவிட்டால் முழு நீளம். தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். கட்டும்போது போட்ட இணைப்பு அந்த இடத்தில் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் பிடிமானம் இருந்தது, ஹார்ட்ஃபோர்டில் இல்லை.

பெரியவர் பத்திரிகையை மடித்து வைத்தார். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணல. கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு” என்றார். அவர் குரலில் ஒரு துளி சந்தோஷம் இருந்ததை மறைப்பதற்கில்லை. மனிதர்தானே.

அடுத்த ஆண்டே, 1979 ஜூனில், கன்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கக் கூரையில் பெருமழைத் தண்ணீர் தேங்கி, போல்ட் விட்டு, ஒரு பகுதி விழுந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் விருது கொடுத்த கட்டடம் அது. விருது கொடுக்கும்போது யாரும் கூரையின் வடிகால் குழாய்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆஸ்ட்ரோடோமுக்கும் ஹார்ட்ஃபோர்டுக்கும் நடுவில் மியூனிக் வந்து போனது. 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டடக் கலைஞர்கள் பெஹ்னிஷும் ஃப்ரை ஓட்டோவும் சேர்ந்து அமைத்த கம்பிவடக் கூரை, 70,000 சதுர மீட்டருக்கும் மேலே. சோப்பு நுரைப் படலத்தையும் மெல்லிய கம்பி மாதிரிகளையும் அளந்து உருவத்தைக் கண்டுபிடித்தார்கள், கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார்கள், பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டினார்கள். இன்றும் நிற்கிறது. செலவு எவ்வளவு ஆனது என்று இன்று யாரும் கேட்பதில்லை. இதிலிருந்து அரசியல்வாதிகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள், பொறியாளர்கள் வேறு பாடம்.

அந்தக் கூரையில் வேலை செய்த யோர்க் ஷ்லைஹ் பிற்பாடு தொடங்கிய நிறுவனம்தான் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குக் கூரை வடிவமைத்தது. சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டதுதான் தத்துவம். வெளியே அழுத்தம் தாங்கும் இரும்பு விளிம்பு, உள்ளே இழுவை தாங்கும் கம்பிவட வளையம், இரண்டுக்கும் நடுவே இறுக்கிக் கட்டிய ஆரக்கால்கள், மேலே மெல்லிய துணி. ஆட்டக்காரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அந்த மகா சக்கரம் அசையாமல் நின்றது. போட்டிக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 21-ஆம் தேதி, ஸ்டேடியத்துக்கு அருகில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் விழுந்தது. உலகத் தரத்தில் கணக்குப் போட்டது நின்றது. இதற்கெல்லாம் என்ன பெரிய கணக்கு என்று நினைத்தது விழுந்தது.

கூரை துணியானதும் எங்கள் தொழிலே தலைகீழாகிவிட்டது. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோ. கண்ணாடி இழையில் டெஃப்லான் பூசிய துணி ஒன்றரைக் கிலோ இருந்தால் அதிகம். சென்னைக்கு இந்தியத் தர விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அது கொடுக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கான்கிரீட்டுக்கு இது ஒரு பொருட்டல்ல, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். துணிக்கு இது உயிர்ப் பிரச்சினை. நாற்பது வருடம் கூரை விழாமல் தாங்குவது எப்படி என்று யோசித்தவன் கடைசியில் கூரை பறக்காமல் கட்டிப்போடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அஸ்திவாரம் என்றால் கீழே அழுத்துவதைத் தாங்குவது என்று படித்தவர்கள், மேலே இழுப்பதைப் பிடித்து வைக்கும் அஸ்திவாரம் போட்டோம். தரையில் நங்கூரம் பாய்ச்சிக் கூரையைக் கட்டிப்போட்டிருக்கும் கட்டடத்தைப் பார்த்திருந்தால் பெரியவர் என்ன சொல்லியிருப்பாரோ.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். ஓ.எம்.ஆரில் வேலை. வெளிநாட்டு ஸ்டேடியம் ஒன்றின் கூரை அவள் மடிக்கணினிக்குள் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய அரங்கத்தின் குவிமாடம் 310 மீட்டர் அகலம், திறந்து மூடுகிற கூரை, 2014-லேயே கட்டிவிட்டார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். ஏதோ மளிகைப் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். ஒருநாள் திரையைக் காட்டினாள். ஆயிரக்கணக்கான கோடுகள், எல்லாம் பச்சை.

“ரன் ஆயிடுச்சு அங்கிள். எல்லாம் பாஸ்.”

பச்சை மை அதிகாரிகள் நினைவுக்கு வந்தார்கள். கிடைத்தது வாய்ப்பு என்று பெரியவரின் வாரிசாக மாறினேன். “எல்லாம் பச்சைதான். இதுல எந்தக் கம்பி முதல்ல போகும்னு கம்ப்யூட்டரைக் கேக்காம சொல்லு பார்ப்போம்” என்றேன். தாடையைத் தடவிக்கொண்டே கேட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கம்பி போகாது அங்கிள். கனெக்‌ஷன் போகும். அதான் இந்த நோடை மட்டும் தனியா மாடல் பண்ணிக் கையாலயும் ஒருதடவை செக் பண்ணினேன்” என்று ஒரு நோட்டைத் திறந்து காட்டினாள். பென்சில் கணக்கு. பக்கத்தில் அம்புக்குறி போட்டுச் சுமை போகும் வழி.

“ஹார்ட்ஃபோர்ட்னு ஒரு கூரை விழுந்தது தெரியுமா?” என்றேன், கடைசி அஸ்திரமாக.

“காலேஜ்ல கேஸ் ஸ்டடி அங்கிள். எக்ஸாம்ல பத்து மார்க்.”

நாங்கள் கப்பல் தபாலில் காத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பயந்து படித்த விஷயம் இவர்களுக்குப் பத்து மார்க். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு மேலே இருக்கிறவர்களைச் சொல்லலாம்: காற்றுச் சுரங்கச் சோதனை, நூற்றுக்கணக்கான சுமைச் சேர்க்கைகள், வாரத்துக்கு நான்கு புதிய வடிவங்கள் என்று கேட்கிறார்கள், அந்த நோட்டைப் பென்சிலால் நிரப்ப மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. அதை அவள் மெட்ரோ ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறாளாம். எங்களுக்குக் கணக்குப் போட நேரம் இருந்தது, இயந்திரம் இல்லை. அவர்களுக்கு நேர்மாறு.

சேப்பாக்கத்துக்கு வருகிறேன். 2011 உலகக் கோப்பைக்காக மச்சானின் பிரார்த்தனை பலித்தது. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் 1987-லேயே கூடாரத் துணிக் கூரை போட்ட ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட்டும் சேர்ந்து வடிவமைத்தார்கள். பழைய தூண்கள் போயின. கம்பிவடங்களால் பிடித்த கூம்புத் துணிக் கூரைகள் வந்தன. மாடங்களுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள். பழைய கான்கிரீட் கிண்ணத்துக்குள் நுழையாமல் திரும்பிப் போன கடற்காற்று உள்ளே வந்தது. நல்ல வேலை. போட்டி நிறுவனத்தின் வேலையைப் பாராட்ட எனக்கு மனம் வருவது அபூர்வம், ஆகவே நம்பலாம்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் துவைத்து எடுத்தது. நான்கு நாள் கழித்து அங்கே இங்கிலாந்துடன் டெஸ்ட். ஆட்டம் தொடங்கியது, கருண் நாயர் 303 அடித்தார். ஈரமான பிட்சை உலர்த்த, தகரத் தட்டுகளில் நெருப்புக் கரியை வைத்துக்கொண்டு ஊழியர்கள் உட்கார்ந்திருந்த படம் பத்திரிகைகளில் வந்தது. தலைக்கு மேலே டெஃப்லான், தரையில் கரி அடுப்பு. ஒன்றும் தப்பில்லை, இரண்டும் வேலை செய்தன.

ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று புதிய மாடங்கள், சுமார் 12,000 இருக்கைகள், கட்டிய சில காலத்திலேயே பூட்டப்பட்டன. கட்டமைப்பில் கோளாறு இல்லை. பக்கத்தில் ஒரு கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம். அதற்கும் மாடங்களுக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடம் இல்லை. அனுமதிக் கோப்பு, நீதிமன்றம், வாய்தா. இடையில் ஏதோ சில ஆட்டங்களுக்குத் திறந்ததைத் தவிர, ஆண்டுக்கணக்கில் அந்த மூன்று மாடங்களும் காலியாகக் கிடந்தன. தொலைக்காட்சியில் சிக்ஸர் போய் விழும்போதெல்லாம் ஆளில்லாத இருக்கைகள் தெரியும். தூணில்லாமல் பந்து தெளிவாகத் தெரிகிற 12,000 இடங்கள், பார்க்க ஒருவர் இல்லை.

2019-ல் இந்தக் கதை உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஐ.பி.எல். இறுதிப் போட்டி சென்னைக்கு வர வேண்டியது. அந்த மூன்று மாடங்களைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை என்று போட்டியை ஹைதராபாத்துக்கு மாற்றினார்கள். இறுதிக்கு வந்தது சென்னை அணி. ஹைதராபாத்தில் ஆடி, ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. ஒரு தூண் என்றால் சில நூறு பேருக்குத்தான் பந்தை மறைக்கும். ஒரு கோப்பு ஊருக்கே மறைத்தது. தூணைப் பற்றியாவது எங்கள் தொழிலில் ஏதாவது செய்ய முடிந்தது.

மச்சானுக்கு அன்று தொலைபேசினேன். “அந்தத் தூணே தேவலாம் மாப்பிள்ளை” என்றார்.

பிறகு உடற்பயிற்சிக் கூடத்தை இடித்தார்கள், மாடங்கள் திறந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் பெயரில் இன்னொரு புதிய மாடமும் வந்தது. கூரை நன்றாக இருக்கிறது, காற்று வருகிறது, நடுவில் தூண் மறைப்பதில்லை. சென்னை அணி ஆடும் நாட்களுக்கு டிக்கெட்டை இணையத்தில்தான் விற்கிறார்கள். திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது.